குடித்தனக்காரிக்கு ஓர் உலோகக் குழாய்

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதிவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். நலமாக இருந்தால் இவன் ஏன் எழுதப்போகிறான் என்று நீ முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவாய். உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவாயோ என்று வெளியே என் முகவரியை எழுதவில்லை. உள்ளே தனித் தாளில் இருக்கிறது.

நாம் பேசி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. போனில் கூப்பிடலாம்தான். என் நம்பரை மாற்றினேனே தவிர உன் நம்பர் எனக்கு மறக்கவில்லை. ஆனால் நீ ‘ஹலோ’ என்பாய், நான் ‘நான்தான்’ என்பேன், அதற்குமேல் இரண்டு பேரில் ஒருவர் கத்த ஆரம்பித்துவிடுவோம். அம்மா என்ன சொல்வாள், நினைவிருக்கிறதா? “ரெண்டு பேரும் வாயை மூடுங்க. என்ன கோவமோ அதை எழுதி அவன் தலகாணிக்கு அடியில நீ வை, உன் தலகாணிக்கு அடியில அவன் வைக்கட்டும். எனக்குக் காது வலிக்குது.” இந்தக் கடிதத்தையும் அப்படியே நினைத்துக்கொள். தலையணைதான் கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது.

விஷயம் குடித்தனக்காரியைப் பற்றியது.

உன் உடம்பிலிருந்து எடுத்து என் வயிற்றில் வைத்த சிறுநீரகத்துக்கு அந்தப் பெயரை வைத்தது நீதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மயக்கம் முழுதாகத் தெளிவதற்குள், “குடித்தனக்காரி வந்து சேர்ந்தாளா? வீடு பிடிச்சிருக்கா அவளுக்கு?” என்று கேட்டாயாம். நர்ஸ் உளறல் என்று நினைத்துக்கொண்டு என்னிடம் வந்து சொன்னாள். எனக்குப் புரிந்தது.

அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாகத்தான் வேலை செய்கிறாள். அவளிடமிருந்து மூத்திரப்பைக்கு இறங்கும் மெல்லிய குழாய் இருக்கிறதே, அதன் கீழ்முனை சுருங்கிவிட்டது. அன்றைக்குத் தையல் போட்ட இடத்தில் தழும்பு இறுகிப்போயிற்றாம். வழி அடைத்தால் நீர் மேலேயே தேங்குகிறது, அவள் வீங்கிப் போகிறாள். ஒரு வருஷமாக அந்த வழி திறந்திருப்பதற்காக உள்ளே பிளாஸ்டிக்கில் ஒரு சன்னமான குழாயைச் செருகி வைக்கிறார்கள். ஸ்டென்ட் என்று பெயர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பழையதை உருவிவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். மாற்றும்போதெல்லாம் காய்ச்சல் வருகிறது. கடைசியாக வந்த காய்ச்சலில் அவளுடைய வேலைத்திறன் கொஞ்சம் குறைந்துவிட்டது. இப்படியே இன்னும் சில முறை வந்தால் அவளை இழக்க நேரிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பிளாஸ்டிக் போதும், இனி உலோக ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். அது சரியாக உட்கார்ந்துவிட்டால் வருஷக்கணக்கில் தாங்குமாம். நழுவலாம், உள்ளே கல் படியலாம், ஒத்துக்கொள்ளாமலும் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். கையெழுத்துப் போடச் சொன்னார். நான் போடவில்லை. உன்னிடமிருந்து வந்த பொருள். உன்னைக் கேட்காமல் அதன் வாசலில் உலோகத்தை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சம்மதமா, இல்லையா? இரண்டு வார்த்தை எழுதினால் போதும்.

இப்படிக்கு,
அண்ணன்


மார்ச் 8

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய அண்ணன் அவர்களுக்கு,

இரண்டு வார்த்தை கேட்டிருந்தீர்கள். ‘போடா பைத்தியமே.’ எண்ணிப் பார்த்துக்கொள்ளவும்.

கடையில் வைத்துத்தான் உறையைப் பிரித்தேன். கையெழுத்தைப் பார்த்ததுமே உன்னுடையது என்று தெரிந்துவிட்டது. எதிரே ஒருவர் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்து, கடைசி வரி தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் தெரியவில்லை. அவருக்கு இரண்டு கண்ணுக்கும் ஒரே பவரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். மறுநாள் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார்.

ஒரு வருஷம்! ஒரு வருஷமாக உனக்குக் குழாய் வைக்கிறார்கள், உருவுகிறார்கள், காய்ச்சல் வருகிறது. யார் பக்கத்தில் இருந்தார்கள்? யார் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள்? தனிக்கட்டைக்குத் திமிர் வேறு ஒரு கேடு. இதையெல்லாம் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை, கையெழுத்து என்று வந்ததும் தங்கை ஞாபகம் வந்துவிட்டதாக்கும்.

‘உன்னிடமிருந்து வந்த பொருள்’ என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நாலு முறை படித்தேன். அண்ணா, அன்றைக்கு நான் என்ன சொன்னேன்? என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், உன் மாப்பிள்ளையின் ஆபீஸ்காரர்கள் பத்துப் பேர் இருக்கும்போது, தண்ணீர் டம்ளரை உன் பக்கம் நகர்த்தி வைத்து, “என் கிட்னியை இப்படிக் காயப் போடறியே” என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். நீ எழுந்து நின்று, “சும்மா சும்மா என் கிட்னி என் கிட்னின்னு சொல்லாதே. வேணும்னா அறுத்துக் குடுத்துடறேன், நீயே வச்சுக்கோ” என்று கத்தினாய். அடுத்த மாதமே கண்காணாத ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாய். என்னுடையது என்று நான் சொன்னால் தப்பு. என்னுடையது என்று நீ எழுதினால் மட்டும் மரியாதையா?

அந்த வார்டு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. மூன்றாம் நாள் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து உன் அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உன் கட்டிலின் ஓரத்தில் தொங்கிய பையைக் காட்டி, “பாருங்க, எவ்வளவு இறங்கியிருக்கு!” என்றாள் நர்ஸ். நீ அழுதாய், நான் அழுதேன். மூத்திரத்தைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்ட குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும். நான் கொடுத்ததை அன்றைக்கே மறந்துவிட்டேன். அது உன்னிடம் வேலை செய்வதைப் பார்த்ததுதான் மறக்கவில்லை.

சம்மதமெல்லாம் நான் தரமாட்டேன். நான் யார் தர? ஆனால் ஒன்று கேட்பேன். உலோகம் என்று எழுதியிருக்கிறாயே, எந்த உலோகம்? நான் கண்ணாடிக் கடைக்காரி. என்னிடம் வந்து சும்மா உலோகம் என்று சொன்னால் விடமாட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் கோபமாக இருக்கிற தங்கை


மார்ச் 14

வாலு,

இந்தப் பெயரை எழுதிப் பார்த்து எத்தனை நாளாயிற்று! உன் கடிதத்தில் திட்டு வந்த இடங்களையெல்லாம் இரண்டு முறை படித்தேன். கஞ்சி யார் வைத்தது என்று கேட்டிருந்தாய். நானே வைத்தேன், நானே தீய்த்தேன், நானே குடித்தேன்.

முதலில் நிலவரம். பிளாஸ்டிக் குழாய் உள்ளே இருந்தால் அரை மணிக்கு ஒரு தரம் மூத்திரம் முட்டுகிறது. நானோ கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறவன். இந்த ஊரில் எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தம், எந்த ஓட்டல்காரர் முகம் சுளிக்காமல் சாவி தருவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. என் மாணவர்கள் எல்லோரும் காரைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்துவதில் கெட்டிக்காரர்கள். ஏனென்றால் அந்தப் பாடத்தை நான் எப்போதும் ஒரு கழிப்பறைக்குப் பக்கத்தில்தான் நடத்துகிறேன். “இதே மாதிரி இன்னும் பத்து தடவை போடுங்க, வந்துடறேன்” என்று இறங்கி ஓடிவிடுவேன். ஒரு அம்மாள் என் முதலாளியிடமே, “சார் ரொம்பப் பொறுமை, நிறைய பிராக்டிஸ் தர்றார்” என்று பாராட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

டாக்டர் ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். மேலே அவரைக்கொட்டை மாதிரி குடித்தனக்காரி, கீழே பை, நடுவே குழாய், குழாயின் நுனியில் ஒரு நெருக்கல். அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? நம் வீட்டுக்குப் பின்னால் செடிகளுக்குத் தண்ணீர் விட ஒரு பச்சை ரப்பர் குழாய் இருந்ததே, அதுதான். நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ சத்தமில்லாமல் வந்து பின்னால் குழாயை மிதித்துக்கொள்வாய். தண்ணீர் நின்றுபோகும். நான் மடையன் மாதிரி குழாயின் வாயை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். நீ காலை எடுப்பாய். ஒவ்வொரு முறையும் ஏமாந்தேன். அம்மா ஜன்னலிலிருந்து, “அவன் மூஞ்சியைத்தான் செடின்னு நினைச்சியாடி?” என்று சிரிப்பாள். டாக்டர் தீவிரமாக விளக்கிக்கொண்டிருக்கும்போது நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நிக்கலும் டைட்டேனியமும் கலந்த உலோகம். மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றியது. சன்னமாக உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, சூடான நீரைச் செலுத்துவார்களாம். சூடு பட்டதும் அதன் ஒரு முனை தன் பழைய வடிவத்தை நினைத்துக்கொண்டு விரிந்து, இடத்தைப் பிடித்து உட்கார்ந்துவிடுமாம். எப்போதாவது எடுக்க வேண்டியிருந்தால் குளிர்ந்த நீரைச் செலுத்தினால் போதும், நூல் மாதிரி தளர்ந்து வந்துவிடுமாம். கேட்பதற்கே ஆசையாக இருந்தது. இந்த உலோகம் ஒத்துக்கொள்ளாது என்றால் மறுபடி வயிற்றைத் திறந்து, பழைய தழும்புகளுக்கு நடுவே குழாயைப் புதிதாக இணைக்க வேண்டும். அதில் குடித்தனக்காரிக்கே ஆபத்து வரலாம் என்றார். எனக்கு அதுதான் பயம்.

“உலோகம் ஏதாவது பட்டு உடம்புல அரிப்பு, தடிப்பு வந்ததுண்டா?” என்று கேட்டார். ஒருபோதும் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏப்ரல் பத்தாம் தேதி வைத்துவிடலாம் என்றிருக்கிறார்.

இனி கோபமில்லையே?

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

அவசரம். கையெழுத்துப் போடாதே. போட்டிருந்தால் டாக்டரிடம் போய் நிறுத்தச் சொல்.

நிக்கல் என்று படித்ததும் கடைக்கு வந்தவரை உட்கார வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நீ சொல்லும் அதே உலோகத்தில் என் கடையில் ஒரு தட்டு முழுக்க ஃப்ரேம் இருக்கிறது. வாடிக்கையாளர் எதிரே முறுக்கிக் காட்டுவேன், விட்டதும் பழையபடி நேராகிவிடும். குழந்தைகள் கை தட்டும். பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் நிக்கல் ஆகாத சிலர் உண்டு. சாதாரண ஃப்ரேமை வாங்கிப் போன ஒரு வாரத்தில், மூக்கு இரண்டு பக்கமும் சிவந்து, காதோரம் வெடித்துத் திரும்பி வருவார்கள். அதனால் நான் எல்லோரையும் கேட்டுவிட்டுத்தான் ஃப்ரேம் எடுத்துக் காட்டுவேன். ‘வாட்ச் கட்டினா அரிக்குமா?’ என்பதுதான் என் முதல் கேள்வி.

அந்தக் கேள்வியை நான் எங்கிருந்து பிடித்தேன் என்று உனக்குத் தெரியாதா? அப்பாவின் வாட்ச்! எப்படி மறந்தாய்?

அப்பா போன அடுத்த வருஷம். எனக்கு எட்டு வயது, உனக்குப் பன்னிரண்டு. அம்மா அந்த வாட்சைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தாள். நீ யாருக்கும் தெரியாமல் எடுத்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். மூன்று நாளில் மணிக்கட்டு முழுவதும் கொப்புளம். அம்மா அடிக்கவில்லை. வாட்சை மறுபடி துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள், அது அடியைவிட மோசமாக இருந்தது. நீ ஒரு வாரம் மணிக்கட்டில் கைக்குட்டை கட்டிக்கொண்டு திரிந்தாய். நீல ஓரம் போட்ட வெள்ளைக் கைக்குட்டை. அது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. ராத்திரி படுத்துக்கொண்டு, கொப்புளத்தின் மேல் ஊதி ஊதித்தான் தூங்க வைத்ததும் ஞாபகம் இருக்கிறது. நான்தான் ஊதினேன். அப்போதிருந்தே உன்னைப் பார்த்துக்கொள்வது என் தலையில் விழுந்துவிட்டது என்று உன் மாப்பிள்ளையிடம் நூறு முறை சொல்லியிருப்பேன்.

தயவுசெய்து டாக்டரிடம் சொல். தோலில் வருவது வெளியே தெரியும். உள்ளே, அந்த ஊசி முனை அளவு வழியில் வீக்கம் வந்தால் யார் பார்ப்பார்கள்? நான் உன் மேல் அதிகாரம் செய்யவில்லை. கெஞ்சுகிறேன்.

வாலு


மார்ச் 26

வாலு,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருக்கும். உன் கடிதம் வந்த அன்றைக்கே காய்ச்சலும் வந்தது. பிளாஸ்டிக் குழாயும் அடைத்துக்கொண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, வயிற்றின் வழியே குடித்தனக்காரிக்குள் ஊசிபோல ஒரு குழாயைச் செருகி, நீரை வெளியே ஒரு பையில் இறக்கியிருக்கிறார்கள். இப்போது பரவாயில்லை. ரத்தத்தில் கிரியாட்டினின் கழிவு ஏறியது, மெல்ல இறங்குகிறது. ஆனால் இப்படியே விட்டுவைக்க முடியாது, பத்தாம் தேதிக்குள் ஏதாவது ஒன்று செய்தே ஆக வேண்டும் என்கிறார்.

வாட்ச் விஷயத்தை அவரிடம் சொன்னேன். சொன்னால்தான் நீ தூங்குவாய் என்று சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. தோலில் மருந்து ஒட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. “ஆனா நீங்க எதிர்ப்புச் சக்தியை அடக்குற மாத்திரை சாப்பிடறீங்க. அதனால இந்த டெஸ்டை மட்டும் நம்ப முடியாது. சின்ன வயசுல வந்துச்சா இல்லையா, அதைத் தெளிவாச் சொல்லுங்க” என்றார். ஆக, வந்தது என்றால் கத்தி, வரவில்லை என்றால் கம்பிச்சுருள். நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு மணிக்கட்டின் மேல் விஷயம் நிற்கிறது.

அதனால் இப்போது சொல்கிறேன். கொப்புளம் வந்த கை உன்னுடையது.

வாட்சை எடுத்தவள் நீ. மேல்தட்டு எட்டாமல் நாற்காலி மேல் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தாய். உன் கைக்குப் பெரிதாக இருந்ததால் முழங்கை வரைக்கும் ஏற்றி, சட்டைக்கு உள்ளே மறைத்துக்கொண்டு போவாய். மூன்றாம் நாள் ராத்திரி, “அண்ணா, அரிக்குது” என்று என்னை எழுப்பிக் கையைக் காட்டினாய். அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று தேம்பினாய். அப்பா போனதிலிருந்து அம்மா எதற்கெடுத்தாலும் உடைந்துபோய்க்கொண்டிருந்த சமயம். உன்னைத் திட்டிவிட்டு அவளே அழுவாள். அதனால் காலையில் நான்தான் எடுத்தேன், எனக்குத்தான் வந்தது என்று சொல்லி வாட்சைக் கொடுத்தேன். அம்மா கையைக் காட்டு என்று கேட்டுவிடப்போகிறாளே என்று முன்னெச்சரிக்கையாகக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டேன். அதற்குள்ளே ஒன்றுமே இல்லை, வாலு. உனக்கு முழுக்கைச் சட்டையைப் போட்டு அனுப்பினேன். ராத்திரி ஊதினேன். அம்மா கடைசிவரை ‘அவன் வாட்சைக் கட்டிக் கையைப் புண்ணாக்கிக்கிட்ட கதை’ என்றுதான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டு உனக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

என் பெல்ட் பக்கிள் முப்பது வருஷமாக வயிற்றில் உரசுகிறது, ஒரு சிவப்புகூட இல்லை. உனக்குத் தங்கம் அல்லாமல் எந்தத் தோடாவது காதில் நின்றிருக்கிறதா? யோசித்துப் பார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், படுத்திருப்பவன் பேச்சு என்று மன்னித்துவிடு. எங்கள் கார்களில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. நான் எப்போது பார்த்தாலும் அதை மிதித்துக்கொண்டே இருந்தால் எவனும் ஓட்டக் கற்றுக்கொள்ள மாட்டான். நீ எனக்குச் செய்தது அதுதான். பழைய ஊரில் தினமும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போன் செய்து, நான் தண்ணீர் குடித்தேனா என்று முதலாளியைக் கேட்பாய். அவர் மேஜைமேல் இருந்த மணியை அடித்து, “தங்கச்சி லைன்ல இருக்காங்க, குடிங்க சார்” என்பார். மாணவர்கள் எனக்குத் ‘தண்ணி வாத்தியார்’ என்று பெயர் வைத்தார்கள். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். உள்ளுக்குள் வலித்தது.

இப்போது அந்தக் கை யாருடையது என்று நீ ஒத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் என் ஒருவன் பேச்சை வைத்து முடிவெடுக்கத் தயங்குகிறார்.

அண்ணன்


ஏப்ரல் 3

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம். கத்திக்குப் பயந்து பொய் சொல்கிறாய் என்று நினைத்தேன். அம்மாவிடம் பொய் சொன்னேன் என்று அதே கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாயே. நாற்பது வருஷமாக என் கண்ணில் நிற்கிற கைக்குட்டையை நம்புவதா, உன்னை நம்புவதா?

அப்பாவின் வாட்ச் என்னிடம்தான் இருக்கிறது. அம்மா போனபிறகு அவள் புடவைகளோடு வந்தது. அதை எடுத்துச் சாவி கொடுத்தேன். ஓடியது! அந்தச் சின்ன சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்டபோது, அப்பா நம்மைத் தூக்கிக்கொள்ளும்போது காதருகே கேட்குமே, அதே சத்தம். பிறகு பட்டையைத் துடைத்து என் இடது கையில் கட்டிக்கொண்டேன். குளிக்கும்போது மட்டும் கழற்றினேன். உன் மாப்பிள்ளை, “உனக்கும் உங்கண்ணனுக்கும் ஒரு பைத்தியக்கார டாக்டரைப் பார்க்கணும்” என்றார்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. எனக்கு வெற்றிச் சிரிப்பு. மறுநாள் லேசான நமைச்சல், மனப்பிரமை என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் வாட்சைக் கழற்றிப் பார்த்தால், பட்டையின் ஒவ்வொரு கண்ணியும் சிவப்பாகக் கையில் பதிந்து, அதன்மேல் பொடிப்பொடியாகக் கொப்புளம். அந்த அரிப்பு வந்ததும், அண்ணா, மற்றதெல்லாம் கூடவே வந்துவிட்டது. நாற்காலிமேல் போட்ட ஸ்டூல் ஆடியது. முழங்கை வரை ஏற்றிய வாட்ச் இறுக்கியது. இருட்டில் உன் முகம் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது, நீ ஊதினாய், உன் வாயில் பல்பொடி வாசனை. ஊதியது நான் இல்லை.

ஊருக்கெல்லாம் நிக்கல் பாடம் நடத்துகிறவள் நான். எனக்குத் தங்கத் தோடு தவிர எது போட்டாலும் காது வீங்கும். அம்மா ‘மகாராணிக் காது’ என்று கேலி செய்வாள். அதையும் வாட்சையும் ஒருநாள்கூடச் சேர்த்துப் பார்த்ததில்லை பார். வாட்ச் கதை உன்னுடையது என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தேன்.

உன் ஆஸ்பத்திரிக்கு இன்று காலையிலேயே போன் செய்து டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். “அப்போ ஸ்டென்ட்டே வச்சுடலாம்மா” என்றார். போனை வைத்தபிறகு கடையின் பின்னறைக்குப் போய் அழுதேன். பயத்தில் இல்லை. சின்ன வயதிலிருந்து அண்ணனைப் பார்த்துக்கொண்டவள் என்று எனக்கு நானே ஒரு பட்டம் கட்டி வைத்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் உன் முதலாளிக்குப் போன் செய்தேன். அவர் மணி அடித்த கதையை எழுதியிருந்தாயே, எனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் குறைத்திருப்பேன்.

உன்னை லைனில் கூப்பிடும்படி டாக்டரிடம் சொல்லவில்லை. பத்தாம் தேதி வரட்டுமா என்றும் கேட்கமாட்டேன். நீ கூப்பிட்டால் வருவேன், கூப்பிடாவிட்டால் கடையைத் திறந்து உட்கார்ந்திருப்பேன். குழாயிலிருந்து காலை எடுத்துவிட்டேன், அண்ணா. இனி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்காதே.

வாலு


ஏப்ரல் 15

என் வாலுக்கு,

வைத்தாகிவிட்டது. இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும்படி ஊசி போட்டார்கள், அதனால் எல்லாம் தெரிந்தது. ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். “கிட்னி என் தங்கச்சியோடது. அவளுக்குத்தான் நிக்கல் ஆகாதே, இது அரிக்காதா?” என்றேன். முகமூடிக்குள் அவர் சிரித்தது கண்ணில் தெரிந்தது. “அரிப்பு உங்க ரத்தத்தோட வேலை. கிட்னி பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது. ஒன்பது வருஷமா உங்க வீட்டுச் சாப்பாட்டைத்தானே சாப்பிடுது” என்றார்.

பக்கத்தில் ஒரு திரை இருந்தது. அதில் மெல்லிய கம்பி மேலே ஏறிப் போவது தெரிந்தது. பிறகு, “வெந்நீர்” என்றார் டாக்டர். ஒரு நர்ஸ் அதை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே எனக்கு எந்தச் சூடும் தெரியவில்லை. திரையில் அந்தச் சுருளின் முனை மட்டும் மெதுவாக அகன்று நின்றுகொண்டது. அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை கடிதம் என்று தோன்றியது. இரண்டு நாள் கழித்து வெளிப்பையின் குழாயை மூடிவிட்டு, “இனி நீங்களே போய்ட்டு வாங்க” என்றார்கள். போனேன். நின்றேன். வந்தது! வெளியே காத்திருந்த வார்டு பையனிடம் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அவன் பயந்துபோய் உள்ளே யாரையோ கூப்பிடப் போனான். நீ இருந்திருந்தால் அழுதிருப்பாய். அதனால் உன் பங்குக்கும் நானே அழுதேன்.

முதலில் கொஞ்சம் ரத்தம் கலந்து வந்தது, இப்போது தெளிவு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை படம் எடுத்துப் பார்க்க வேண்டும், இடம் மாறாமல் இருக்கிறதா, கல் படிகிறதா என்று. எத்தனை வருஷம் தாங்கும் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குடித்தனக்காரி பழைய நிலைக்கு வந்துவிட்டாள்.

நீ ஏன் வரவில்லை என்று வெந்நீர் எடுத்துக் கொடுத்த நர்ஸ் கேட்டாள். “கூப்பிடணும்னு காத்திருக்கா” என்றேன். “அப்போ கூப்பிட வேண்டியதுதானே” என்றாள். என்னவோ, அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. உன்னைக் கூப்பிடாமலே நீ வந்து நின்ற காலம்தான் எனக்குப் பழக்கம்.

ஆகவே கூப்பிடுகிறேன். வா. மாப்பிள்ளையையும் அழைத்து வா. கழிப்பறைக்கு ஓடாமல் ஒரு மணி நேரம் தொடர்ச்சியாக உனக்குக் கார் ஓட்டச் சொல்லித் தருகிறேன்.

காலை எடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். சரி. அதற்காக வாயையும் மூடிக்கொள்வாய் என்று நான் நினைக்கவில்லை. இங்கே மணி அடிக்க யாரும் இல்லை, வாலு. பாட்டில் காரில் என் பக்கத்திலேயே இருக்கும், சாயங்காலம் பார்த்தால் திறக்காமலே இருக்கும். இரண்டு வருஷமாக ஒருவரும் என்னை அந்தக் கேள்வி கேட்கவில்லை. டாக்டர் கேட்கிறார்தான், ஆனால் அவர் கேட்பது மருத்துவத்துக்கு.

உறைக்குள் ஒரு கைக்குட்டை வைத்திருக்கிறேன். நீல ஓரம் போட்டது தேடிக் கிடைக்கவில்லை, இதில் பச்சை ஓரம். அப்பாவின் வாட்சைத் திரும்ப அலமாரிக்குள் வைத்துவிடாதே. ஓடுகிற வாட்ச். இதை நன்றாக மடித்து அடியில் கட்டிக்கொண்டு, அதன்மேல் கட்டிக்கொள். இந்தத் தடவை உள்ளே நிஜமாகவே ஒரு மணிக்கட்டுப் புண் இருக்கும்.

அண்ணன்


ஏப்ரல் 19

அண்ணா,

சனிக்கிழமை வருகிறோம். மாப்பிள்ளை உன் காரில் ஏறமாட்டாராம், பயமாம். நான் ஏறுவேன்.

புண் ஆறிக்கொண்டு வருகிறது. கைக்குட்டையை நாலாக மடித்துக் கட்டி, அதன்மேல் வாட்சைக் கட்டியிருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் என்ன ஆச்சு கையில் என்று கேட்கிறார்கள். எங்கண்ணன் வாட்சைக் கட்டிக் கையைப் புண்ணாக்கிக்கொண்ட கதை என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, திருத்திச் சொல்கிறேன்.

இப்போது இதில் மணி பதினொன்றாகப் போகிறது.

தண்ணீர் குடித்தாயா?

வாலு